கிருமி சிக்கியது, குற்றவாளி அதுதானா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் குழந்தைக்கு நெஞ்சுச்சளி கட்டி மூச்சு இரைத்தால், ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே மருந்துக்கடை சிரப் இரண்டு வேளை உள்ளே போயிருப்பது உண்டு. அது ஆன்டிபயாட்டிக் என்றால் பரிசோதனைக்கூடத்துக்குச் சிக்கல்தான்.

நிமோனியாவுக்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க, இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது பழைய முறை. உயிருள்ள கிருமிதான் வளரும். மருந்தில் செத்தது வளராது. மருந்தே சாப்பிடாத குழந்தைகளிலும், நுரையீரல் கிருமி இரத்தத்தில் இறங்கியிருப்பது சிலரிடம் மட்டுமே.

இங்கேதான் கோவிட் காலத்தில் ஊரெல்லாம் பேசிய பிசிஆர் கைகொடுக்கிறது. 1983-இல் கேரி முல்லிஸ் கண்ட வழி இது. 1993-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாதிரியைச் சூடாக்கினால் டிஎன்ஏ இழைகள் பிரியும். ஆறவைத்தால் நாம் தேடும் மரபணுவில் மட்டும் ஒட்டும் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். நொதி அதை நகலெடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகி, 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். செத்த கிருமியும் இதில் அகப்படும். நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவான நிமோகாக்கஸைப் பிடிக்க லைட்-ஏ என்ற மரபணுவைத் தேடுகிறார்கள். ஒரே மாதிரியில் பல கிருமிகளையும் சேர்த்துத் தேடலாம்.

ஆனால் திருவிழாக் கூட்டத்தில் நின்றவரெல்லாம் திருடரல்லர். ஆரோக்கியமான குழந்தையின் தொண்டையிலும் நிமோகாக்கஸ் சும்மா குடியிருக்கும். ஆகவே தொண்டைச் சளியில் அது அகப்பட்டாலே அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அளவு எவ்வளவு, எக்ஸ்ரே என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆசியா, ஆப்பிரிக்காவின் 7 நாடுகளில் நடந்த 'பெர்ச்' ஆய்வு, நோயுற்ற குழந்தைகளை நலமான குழந்தைகளோடு ஒப்பிட்டது. 2019-இல் வெளியான அதன் கணக்கில், எச்ஐவி இல்லாத குழந்தைகளின் கடும் நிமோனியாவில் வைரஸின் பங்கு சுமார் 61 சதவீதம், பாக்டீரியாவின் பங்கு 27 சதவீதம்.

பிசிஆரின் பெரும்பயன் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. நிமோகாக்கஸில் நூறு வகைகளுக்கு மேல் உண்டு. எந்த வகை பரவுகிறது என்று தெரிந்தால்தான் எந்தத் தடுப்பூசி பலிக்கும் என்பது தெரியும். வேலூர் சிஎம்சி ஆய்வுக்கூடம் இந்த வகைப்பாட்டில் முக்கியமானது. நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான ஹிப்புக்கும் எதிரான பென்டாவேலன்ட் தடுப்பூசி, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வந்தது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என மூன்று தவணை, இலவசம்.

எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50-ம், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ம் எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, சிரப்பைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.