வேலை போனதை முதலில் அறிவது கூகுளா?

2020 மார்ச் 26, வியாழக்கிழமை. அமெரிக்கத் தொழிலாளர் துறை வாரக் கணக்கை வெளியிட்டது. மார்ச் 21 அன்று முடிந்த வாரத்தில் வேலையிழப்பு உதவித்தொகை கேட்டுப் புதிதாக விண்ணப்பித்தவர்கள் சுமார் 33 லட்சம் பேர். அதற்கு முந்தைய உச்சம், 1982 அக்டோபரில் பதிவான 6.95 லட்சம்தான். கொரோனா முடக்கத்தின் அடி எவ்வளவு பலமானது என்பதைச் சந்தை நிபுணர்களில் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். பால் கோல்ட்ஸ்மித்-பிங்கம், ஆரன் சோஜர்னர் என்ற இரு பொருளியலாளர்களோ 30 லட்சத்தைத் தாண்டும் என்று முன்னதாகவே சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் பார்த்தது கூகுள் தேடல்களை. வேலை போனவர் உதவித்தொகைக்கு மனுப்போடும் முன், எப்படி மனுப்போடுவது என்று இணையத்தில் தேடுகிறார். ஆனால் தேடல் போக்கைக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ் கருவி எத்தனை பேர் தேடினார்கள் என்று சொல்லாது. 0 முதல் 100 வரை ஒப்பீட்டு அளவைத்தான் காட்டும். அதை ஆள்கணக்காக மாற்ற ஒரு பிடி வேண்டுமே? சில மாநிலங்களில் எத்தனை மனுக்கள் வந்தன என்று செய்திகள் வந்திருந்தன. அங்கே தேடல் எவ்வளவு கூடியது, மனு எவ்வளவு கூடியது என்று ஒப்பிட்டு, அந்த விகிதத்தை மற்ற மாநிலங்களுக்கும் பொருத்தினார்கள்.

தேடலை வைத்து வேலையிழப்பைக் கணிக்கும் யோசனை புதிதல்ல. 2009இலேயே கூகுளின் ஹால் வேரியனும் ஹியுன்யங் சோயும் அமெரிக்காவுக்கும், ஆய்வாளர்கள் அஸ்கிடாஸும் சிம்மர்மனும் ஜெர்மனிக்கும் இதைச் செய்து காட்டினார்கள்.

எந்தச் சொல்லைப் பின்தொடர்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் எல்லாம். ‘ஜாப்ஸ்’ என்று மொட்டையாக எடுத்தால், 2011 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்த செய்தியைத் தேடியவர்களும் வேலை தேடிகள் ஆகிவிடுவார்கள்! 2004–2011 கூகுள் தேடல் தரவை அலசிய ஆய்வாளர் சேத் ஸ்டீபன்ஸ்-டேவிடோவிட்ஸ், வேலையின்மையோடு சேர்ந்து ஏறி இறங்கிய தேடல்களில் ஓர் ஆபாசத் தளம் முதலிடம் பிடித்ததைக் கண்டார். ஸ்பைடர் சாலிடேர் சீட்டாட்டமும் முன்வரிசையில் இருந்தது. பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் வேறென்ன செய்வார்? ஆனால் இத்தகைய பொருத்தத்தை நம்பிக் கணிப்பது ஆபத்து.

தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் பரவலைக் கணித்த கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் அப்படித்தான் சறுக்கியது. 2012–13 குளிர்காலத்தில் காய்ச்சலுக்காக மருத்துவரைப் பார்த்தவர்களின் பங்கை இரு மடங்குக்கும் மேலாகக் காட்டியது, 2015இல் மூடப்பட்டது. நோய் வந்தவர் மட்டுமா தேடுகிறார், செய்தி படித்துப் பயந்தவரும் தேடுகிறார். ஆட்குறைப்புச் செய்திகளுக்கும் இதே கதிதான்.

அதனால் மாதந்தோறும் சுமார் 60,000 வீடுகளில் விசாரித்து எடுக்கப்படும் அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பைத் தேடல் தரவு ஓரங்கட்டிவிடாது. தேடல் காட்டும் எண் சரியா என்று உரசிப்பார்க்கவே அந்தக் கணக்கெடுப்பு வேண்டும்.