சாவி யாருகிட்டே இருக்கு?

"மாமா... ஒரு மூவாயிரம் ரூபா வேணும்!"

கீரப்பாளையம் வீட்டுத் திண்ணையில் பேப்பரை விரித்த நிமிஷமே அக்கா மகனிடமிருந்து இப்படி ஒரு அப்ளிகேஷன்! எனக்குக் காபி புரையேறிவிட்டது.

"எதுக்குடா? புது செல்போனா?"

"இல்லே மாமா, படிக்கிறதுக்கு. நெல்லுல வர்ற நோயைப் பத்தி ஒரு கட்டுரை. பன்னெண்டு பக்கம்."

செல்போனை நீட்டினான். தலைப்பு தெரிந்தது. எழுதியவர்களின் பெயர் தெரிந்தது. சுருக்கமாக ஒரு பத்தி தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம்! 35 டாலர் கட்டினால் திறக்குமாம். நான் பி.காம். படித்த ஆசாமி, கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? பக்கத்துக்குச் சுமார் 250 ரூபாய். ஒரு பக்கத்துக் காசில் சிதம்பரத்தில் ரெண்டு பேர் இட்லி கொத்சு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிடலாம்!

"சரி, எழுதினவங்களுக்குத்தானே காசு போகுது?" என்றேன்.

"அதான் இல்லே. இந்த மாதிரி பத்திரிகைங்க, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதறவங்களுக்குப் பணமே தர்றதில்லே மாமா!"

ஆராய்ச்சி நடந்தது நம் டெல்டா வயலில். நோய் வந்தது நம் நெல்லுக்கு. படிக்க மட்டும் டாலர்! பக்கத்து வயல்காரர் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். எழுத முடியாத வார்த்தைகளாகத்தான் வந்தன.

பூட்டு விஷயம் எங்கள் பக்கத்துக்குப் புதுசு இல்லை. ஆயிரம் வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. தேவார ஓலைகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கின்றன என்று, திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி மூலம் ராஜராஜ சோழனுக்குத் தெரிகிறது. மன்னன் போய்க் கேட்கிறான். "பாடின மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும்" என்று பதில் வருகிறது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் எப்போதோ இறைவனடி சேர்ந்தாயிற்று! மன்னன் சளைக்கவில்லை. மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து, "இதோ, வந்துவிட்டார்கள்" என்றானாம்.

கதவு திறந்தது. உள்ளே கரையான் புற்று! தின்றது போக மிச்சம்தான் இன்று நம் கையில் இருக்கிறது. 800-க்கும் குறைவான பதிகங்கள்.

பூட்டினவர்கள் கெட்ட எண்ணத்தோடு பூட்டியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் கரையானுக்கு எண்ணம் ஏது?

இந்தக் காலத்துப் பூட்டு கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. பாடத்துக்கு வேண்டிய அத்தியாயங்களைப் பல புத்தகங்களிலிருந்து எடுத்து, பிரதி போட்டு, ஒன்றாகக் கட்டி மாணவர்களுக்கு விற்றது. 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என்று மூன்று பெரிய பதிப்பகங்கள் சேர்ந்து அந்தக் கடை மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் வழக்குப் போட்டன. யானை மூன்று சேர்ந்து எறும்பு மேல் பிராது கொடுத்த மாதிரி!

வேடிக்கை என்னவென்றால், எழுத்தாளர்களே மாணவர்கள் பக்கம் நின்றார்கள். வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னவர்களில் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென்னும் ஒருவர். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கல்வி கற்பிப்பதற்காகப் பிரதி எடுக்க 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது என்பதுதான் சாரம். அப்பீலில் சில விஷயங்களை மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டுவிட்டன.

அரசாங்கமும் சும்மா இல்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். ஏறக்குறைய 13,000 ஆய்வுப் பத்திரிகைகள். நல்ல காரியம். ஆனால் அது அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கென்று தொடங்கியது. அக்கா மகன் படிப்பது தனியார் கல்லூரியில். நானோ படிப்பை முடித்த ஆசாமி. பக்கத்து வயல்காரர் காலேஜ் வாசலையே மிதிக்காதவர். நாங்கள் மூவரும் நேரில் வந்து நின்றாலும் கதவு திறக்காது போலிருக்கிறது!

"காசு கேக்கறதுதான் பிரச்னையா? இலவசமா குடுத்துட்டா?" என்று நீங்கள் கேட்கலாம். அதையும் பார்த்தாகிவிட்டது.

2015-ல் ஃபேஸ்புக் கம்பெனி, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இலவச இன்டர்நெட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முதலில் வந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. பின்னால் 'ஃப்ரீ பேஸிக்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். காசே வேண்டாம். ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த சில தளங்களை மட்டும்தான் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை வீராணம் ஏரியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். "மதகை இலவசமாகத் திறக்கிறேன். ஆனால் நான் சொல்லும் வயலுக்கு மட்டும்தான் தண்ணீர்" என்று ஒருத்தர் சொன்னால் கடைமடைக்காரர் கும்பிடுவாரா, மண்வெட்டியைத் தூக்குவாரா? நாடு முழுக்க லட்சக்கணக்கான பேர் மண்வெட்டிக்குப் பதில் ஈ-மெயிலைத் தூக்கினார்கள். 2016 பிப்ரவரி 8-ம் தேதி டிராய் உத்தரவு போட்டது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தில் பாரபட்சம் காட்டக்கூடாது! ஃப்ரீ பேஸிக்ஸ் இந்தியாவில் மூட்டை கட்டியது.

இதெல்லாம் படித்தவர்கள் சண்டை, நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற வழியில் கடலோரமாக நல்லவாடு என்று ஒரு மீனவ கிராமம் இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லிருந்து அந்தப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை நடத்தியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரத்தைப் பார்த்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று மீனவர்கள் முடிவு செய்வார்கள். அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காகச் சேர்த்த கணக்கு. பூட்டுப் போடாமல் வைத்திருந்ததால் நம் கட்டுமரத்துக்கும் உதவியது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் டி.வி.யில் சுனாமிச் செய்தியைப் பார்த்துப் பதறி, வீட்டுக்கு போன் செய்கிறார். செய்தி கிடைத்த கிராமத்தார் ஓடுகிறார்கள். எங்கே? அறிவு மையத்துக்கு! கதவு பூட்டியிருந்தது. சாவிக்காக யாரும் காத்திருக்கவில்லை. உடைத்தார்கள். ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப எச்சரிக்கை. ஊரே காலி செய்தது. வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேரின் உயிர் பிழைத்தது.

அந்தக் கதவு பத்து நிமிஷம் தாமதமாகத் திறந்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

சரி, அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். மூவாயிரம் நான் கொடுக்கவில்லை. கட்டுரை எழுதிய பேராசிரியரின் ஈ-மெயில் முகவரி அந்தப் பூட்டுக்கு மேலேயே இருந்தது. "ஐயா, படிக்க ஆசையாக இருக்கிறது, வசதி இல்லை" என்று நாலு வரி எழுதச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் முழுக் கட்டுரையும் வந்துவிட்டது. கூடவே, "படிக்கக் கேட்டதற்கு நன்றி தம்பி" என்று ஒரு வரி. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் எழுதியவர்கள் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கும் நாலு பேர் படிக்கவேண்டும் என்றுதானே ஆசை!

ஆனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒவ்வொருத்தரிடம் கையேந்துவது ஒரு ஏற்பாடு ஆகுமா? கடைமடைக்குத் தண்ணீர் வருவது மதகுக்காரரின் நல்ல மனசைப் பொறுத்து இருக்கலாமா?

அன்று ராத்திரி பையன் அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் தமிழில் சொல்லச் சொல்ல, பக்கத்து வயல்காரர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்:

"இது போன போகத்துலயே தெரிஞ்சிருந்தா, ஒரு ஏக்கர் தப்பிச்சிருக்கும் தம்பி."