ஷெட்ல டியூப் லைட் எரியலையா? ஸ்டார்ட்டரா, புது எல்இடியா?

முக்கூடல் வீட்டோட கரண்ட் பில்லை சென்னையில இருந்து போன்லயே கட்டுற ஆளா நீங்க? லீவுக்குப் போனதும் அம்மா சொல்ற முதல் வேலை இதுவா இருக்கலாம்: "வண்டி ஷெட்ல லைட் எரியலப்பா, என்னன்னு பாரு." உடனே எல்இடி வாங்க ஓடாதீங்க.

முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. பழைய வயரிங்ல சுவிட்ச் நியூட்ரல்ல இருந்தா, ஆஃப் பண்ணினாலும் ஃபிட்டிங்ல கரண்ட் இருக்கும்.

ரெண்டு ஓரம் மட்டும் எரிஞ்சு நடுவுல வெளிச்சம் வரலையா? ஸ்டார்ட்டர் உள்ளே ஒட்டிக்கிட்டிருக்கும். விட்டு விட்டு மினுக்கினாலும் முதல்ல ஸ்டார்ட்டரைத்தான் மாத்திப் பார்க்கணும். ஓரம் நல்லா கருத்திருந்தா டியூப் ஆயுசு முடிஞ்சது. சாயங்காலம் மட்டும் மினுக்கினா லோ வோல்டேஜா இருக்கலாம். எந்த அசைவுமே இல்லைன்னா டியூப்பைக் கழற்றி, பின்னைத் துடைச்சு, திரும்ப சரியா உட்கார வைங்க; ஷெட் தூசிக்கு இது சகஜம். அப்புறம் வீட்ல நல்லா எரியற லைட்டோட ஸ்டார்ட்டர், டியூப் ரெண்டையும் இதுல போட்டுப் பாருங்க. செலவே இல்லாத டெஸ்ட். அப்பவும் எரியலைன்னா சோக்கோ வயரிங்கோ. கருகின வாசனை வந்தா சோக்தான்.

இப்போ கணக்கு. 40 வாட் டியூப்பும் பழைய காப்பர் சோக்கும் சேர்ந்து சுமார் 50 வாட் இழுக்கும். எல்இடி 20 வாட். வித்தியாசம் 30.

அம்மா பீடி சுத்துற திண்ணை லைட் தினமும் 5 மணி நேரம் எரியுதுன்னா, ரெண்டு மாசத்துக்கு 9 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய்னு வைங்க, வருஷத்துக்கு 270 ரூபாய். (வீட்டு உபயோகம் இலவச யூனிட்டுக்குள்ளேயே முடிஞ்சா மிச்சம் பூஜ்யம்; பில்லைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.) எல்இடி 300 ரூபாய்னா ஒரு வருஷத்துக்கு மேல கொஞ்ச நாள்ல போட்ட காசு வந்துரும். ஷெட் லைட் தினமும் கால் மணி நேரம்தானே? வருஷத்துக்கே 14 ரூபாய்கூட மிஞ்சாது. போட்ட காசை எடுக்க 20 வருஷத்துக்கு மேல!

அதனால ஸ்டார்ட்டர் போனா ஸ்டார்ட்டர் மட்டும் மாத்துங்க. சோக்கே போச்சுன்னா ஒரே ஒரு எல்இடி வாங்கி திண்ணையில மாட்டிட்டு, அங்க நல்லா எரிஞ்சிட்டிருந்த பழைய செட்டை ஷெட்டுக்கு மாத்துங்க. என்னோட ஓட்டு இதுக்குத்தான்.

சோக்கை ஸ்டாக் வாங்கி வைக்கிறதெல்லாம் வேண்டாம். டியூப் லைட் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள்ள படிப்படியா நிறுத்த, மினமாட்டா பாதரச உடன்படிக்கை நாடுகள் 2023-லயே ஒத்துக்கிட்டாங்க. போன டியூப்பை ஆத்தங்கரையில வீசாதீங்க, உடைக்கவும் வேண்டாம். உள்ளே பாதரசம் இருக்கு.