உங்களுக்குத் தெரியுமா? – எத்தியோப்பியாவில் இருவருக்கும் ஒரே தட்டு!

வெளிநாட்டுப் பயணத்துக்குத் துணை இருந்தால் செலவும் குறையும், பயமும் குறையும். எத்தியோப்பியா போகிறவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. அந்த ஊர்ச் சாப்பாடே பக்கத்தில் ஆள் இருந்தால்தான் களைகட்டும்!

● அங்கே ஆளுக்கொரு தட்டு கிடையாது. பெரிய வட்டத் தட்டில் 'இஞ்சரா' என்ற ஆப்பம் போன்ற பண்டத்தை விரித்து, அதன் மேலேயே குழம்பு, பருப்பு, கீரை என்று அங்கங்கே வைத்துவிடுவார்கள். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிட வேண்டும்.

● ஸ்பூன் தேட வேண்டாம். இஞ்சராவை வலது கையால் கிள்ளி, குழம்பை அதில் சுருட்டி வாயில் போட வேண்டியதுதான். கையால் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது ஒரு நிமிடத்தில் பழகிவிடும்.

● இஞ்சராவை நம் ஆப்பத்தின் பெரியண்ணன் என்றே சொல்லலாம். 'டெஃப்' என்ற சிறுதானிய மாவைக் கரைத்து 2, 3 நாள் புளிக்கவைப்பார்கள். சூடான கல்லில் வெளிவட்டத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றி ஊற்றி, மூடிபோட்டு வேகவைப்பார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேலே கண் கண்ணாக விழும் துளைகள்தான் குழம்பை உறிஞ்சிக்கொள்கின்றன.

● டெஃப் மணி ஏறக்குறைய 1 மி.மீ. அளவுதான், கேழ்வரகைவிடச் சிறியது. அதில் குளூட்டன் இல்லை. ஆனால் சில கடைகளில் கோதுமை, பார்லி மாவும் கலப்பார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

● சுருட்டிய கவளத்தைப் பக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டிவிடுவதுதான் 'குர்ஷா'. கவளம் எவ்வளவு பெரிதோ, அன்பும் அவ்வளவு பெரிது என்பார்கள். வேண்டாம் என்று தலையைத் திருப்புவது மரியாதை இல்லை. வாங்கிக்கொண்டு, திருப்பி ஊட்டுங்கள்.

● சைவக்காரர்களுக்குப் புதனும் வெள்ளியும் கொண்டாட்டம்! ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு அவை விரத நாட்கள். இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கூடாது. 'பெயாய்னெட்டு' என்று கேட்டால் மைசூர்ப் பருப்பு, பட்டாணிப் பருப்பு, முட்டைக்கோஸ், பீட்ரூட் எல்லாம் ஒரே தட்டில் வரும். ஈஸ்டருக்கு முன் 55 நாள் தொடர்ந்து விரதம்.

● 'கிட்ஃபோ' என்பது மசாலா நெய்யில் பிசைந்த பச்சை மாட்டிறைச்சி. 'லெப் லெப்' என்றால் லேசாகச் சூடாக்கித் தருவார்கள். வெளியூர்க்காரர்கள் முழுக்க வேகவைத்துக் கேட்பதே வயிற்றுக்கு நல்லது.

● காப்பியை அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, வாசனைப் புகையை ஒவ்வொருவர் முகத்தருகிலும் காட்டுவார்கள். பிறகு இடித்து, 'ஜெபெனா' என்ற மண் கூஜாவில் காய்ச்சி, அபோல், தோனா, பரக்கா என 3 சுற்று ஊற்றுவார்கள். 3-வது சுற்று ஆசீர்வாதம் என்பது அவர்கள் நம்பிக்கை.

● விருந்துக்கு "ராத்திரி 1 மணிக்கு வாங்க" என்று கூப்பிட்டால் பயப்படாதீர்கள். அங்கே பொழுது விடிவதிலிருந்தும் சாய்வதிலிருந்தும்தான் மணி எண்ணுவார்கள். அவர்களுடைய ராத்திரி 1 மணி, நம்முடைய 7 மணி!

அடிஸ் அபாபாவில் இறங்கியதும் ஹோட்டல் பிரெட்டோடு நின்றுவிடாதீர்கள். கூட வந்தவரோடு கை கழுவிவிட்டு ஒரு வேளையாவது ஒரே தட்டின் முன் உட்காருங்கள். முதல் குர்ஷா உங்கள் கையால் அவருக்குப் போகட்டும்!