சுடுதண்ணி எங்கிருந்து வந்துச்சு? ரோமின் காரகல்லா குளியல் மாளிகை

ரோம் போற எல்லாரும் மாதிரி என் லிஸ்ட்லயும் முதல்ல இருந்தது கொலோசியம்தான். அங்க க்யூவைப் பார்த்ததும் மனசு மாறிடுச்சு. மெட்ரோ ஏறி, அடுத்த ஸ்டேஷன் சிர்கோ மாஸிமோல இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தேன். போன இடம் ஒரு குளியலறை. சும்மா இல்ல, 1,800 வருஷப் பழசு.

காரகல்லா குளியல் மாளிகை. கி.பி. 216-ல திறந்தது. ஒரே நேரத்துல சுமார் 1,600 பேர் குளிக்கலாம்னு பழைய குறிப்பு சொல்லுது. கூரை எல்லாம் விழுந்துடுச்சு. ஆனா மிச்சம் நிக்கிற செங்கல் சுவர்களே சில இடத்துல 30 மீட்டருக்கு மேல. அதாவது பத்து மாடி உயரம். நிமிர்ந்து பார்த்தா கழுத்து வலிக்கும்.

இதைத் திறந்து வச்ச பேரரசர் காரகல்லா நல்ல மனுஷன்லாம் இல்ல. 211-ல சொந்தத் தம்பி கேட்டாவையே கொன்னவர். அப்படிப்பட்டவருக்கு ஊர்ல நல்ல பேர் வாங்க என்ன வழி? மக்களுக்குப் பிரம்மாண்டமா ஒரு குளியல் மாளிகை. திறந்த அடுத்த வருஷம், 217-ல, அவரையும் கொன்னுட்டாங்க.

சரி, ஒரு ரோமானியர் இங்க வந்தா என்ன பண்ணுவார்? முதல்ல உடற்பயிற்சி முற்றம். அங்க தரையில மொசைக் இன்னைக்கும் இருக்கு. உடம்புல எண்ணெய் தேய்ச்சுப்பாங்க. நம்ம எண்ணெய்க் குளியல் மாதிரிதான். ஆனா சீயக்காய் கிடையாது, வளைஞ்ச ஒரு உலோகக் கருவியால அழுக்கையும் எண்ணெயையும் சேர்த்து வழிச்செடுப்பாங்க. அப்புறம் கால்டேரியம்னு வெந்நீர்க் கூடம். அங்கிருந்து வெதுவெதுப்பான கூடம், அடுத்து குளிர்ந்த நீர்க் கூடம், கடைசியா திறந்தவெளி நீச்சல் குளம். குளத்து விளிம்புக் கல்லுல சின்னச் சின்னக் குழிகள் செதுக்கின விளையாட்டுப் பலகை ஒண்ணு இருக்கு. குளிச்சு முடிச்சும் வீட்டுக்குப் போக மனசில்லாத ஆளுங்க எல்லா காலத்துலயும் இருந்திருக்காங்க.

இப்போ நம்ம இன்ஜினியரிங் கேள்விக்கு வருவோம். இவ்வளவு பெரிய இடத்தை எப்படிச் சூடாக்கினாங்க?

தரை நேரா மண்ணு மேல கிடையாது. கீழ வரிசையா குட்டையான செங்கல் தூண்கள், அதுக்கு மேலதான் தரை. பக்கத்துல அடுப்பு எரியும். அந்தச் சூடான காத்தும் புகையும் தூண்களுக்கு நடுவுல ஓடும். சுவருக்குள்ளயும் களிமண் குழாய்கள் பதிச்சிருப்பாங்க, அது வழியா மேல ஏறி வெளியே போகும். தரையும் சூடு, சுவரும் சூடு. போதாததுக்கு, வெந்நீர்க் கூடத்தைத் தென்மேற்கு பார்த்து வச்சிருக்காங்க. மதிய வெயில் நேரா உள்ள விழும். மத்தியானத்துக்கு அப்புறம்தான் கூட்டம் வரும், அதுக்கேத்த டிசைன்.

மொத்தம் சுமார் 50 அடுப்பு. ஒரு நாளைக்கு 10 டன் விறகுன்னு மதிப்பிடுறாங்க. இந்த நம்பரைக் கேட்டதும் எனக்கு வந்த கேள்வி இதுதான்: அதைத் தூக்கினது யாரு?

பதில் தரைக்குக் கீழ இருக்கு. வண்டியே போற அளவுக்கு அகலமான சுரங்கப் பாதைகள். விறகு அங்கதான் வரும், அங்கதான் அடுக்குவாங்க. வேலை செஞ்சவங்க பெரும்பாலும் அடிமைகள். மேல பளிங்கு, சிலைகள், அரட்டை. கீழ இருட்டு, புகை, வெக்கை. மேல குளிக்கிறவர் கண்ணுல கீழ இருக்கிறவர் படவே கூடாது, அப்படித்தான் கட்டியிருக்காங்க.

உடனே என் ஐடி மூளை, "அட, இது பேக்எண்ட்!"ன்னு சொல்லுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்து, நான் எழுந்து சரிபண்ணின நாள் உண்டு. காலைல அது யாருக்கும் தெரியாது, ஆப் ஓடுது, அவ்வளவுதான். ஆனா அந்தச் சுரங்கத்துல நிக்கும்போது இந்த ஒப்பீடு எனக்கே கூச்சமா இருந்துச்சு. எனக்கு மாசம் பொறந்தா சம்பளம். பிடிக்கலைன்னா பேப்பர் போட்டுட்டுப் போயிடுவேன். அவங்களுக்கு அந்த வழியே இல்ல.

இது எப்படி நின்னுச்சுங்கிறதும் ஒரு பாடம்தான். 537-ல கோத் படை ரோமை முற்றுகை போட்டு, ஊருக்குத் தண்ணி கொண்டு வந்த கால்வாய்களை உடைச்சுட்டாங்க. உள்ள இருந்த தளபதி பெலிசாரியஸ் கால்வாய் வாய்களை அவரே அடைச்சார். காரணம் இருக்கு: முந்தின வருஷம் நேப்பிள்ஸுக்குள்ள அவர் ஆளுங்க நுழைஞ்சதே ஒரு கால்வாய் வழியாத்தான்! தண்ணி நின்னுச்சு, குளியலும் நின்னுச்சு.

"ஒரே லைனை நம்பி இருந்ததுதான் தப்பு"ன்னு முதல்ல நினைச்சேன். ஆனா சில கால்வாய்களைப் பிற்பாடு சரிபண்ணியிருக்காங்க. இந்த மாளிகை மட்டும் திரும்ப ஓடவே இல்ல. ஊர்ல ஜனத்தொகை சுருங்கிடுச்சு. குளிக்க வர கூட்டம் இல்ல, 10 டன் விறகு வாங்கப் பணம் இல்ல, அடுப்பை எரிக்க ஆள் இல்ல. கால்வாய் உடைஞ்சது ஒரு நாள் சம்பவம். அதைத் திரும்ப ஓட வைக்க ஆள் இல்லாம போனதுதான் உண்மையான முடிவு.

அதுக்கப்புறம் சிலைகளும் பளிங்கும் வேற வேற இடத்துக்குப் போயிடுச்சு. இங்க கிடைச்ச பிரம்மாண்டமான ஹெர்குலிஸ் சிலையைப் பார்க்கணும்னா இப்போ நேப்பிள்ஸ் மியூசியத்துக்குப் போகணும்.

நீங்க போனா மேல சுவரைப் பார்த்து வாயைப் பிளந்துட்டு மட்டும் வந்துடாதீங்க. கீழ் சுரங்கம் திறந்திருந்தா கண்டிப்பா இறங்குங்க. 1,800 வருஷமா காரகல்லா பேர் நிக்குது. அடுப்பு எரிச்சவங்கள்ல ஒருத்தர் பேர்கூட நமக்குத் தெரியாது. ஆனா தண்ணி சுட்டது அவங்களாலதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.