மருத்துவச் செய்திக்கும் அறிவிப்பாளர் வரிசை வேண்டும்

கிளினிக் கொப்பியில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று எழுதப்பட்டதைக் கண்டவுடன் பல வீடுகளில் அழுகை தொடங்கிவிடுகிறது. தமிழில் நாம் 'இருதயச் செயலிழப்பு' என்கிறோம். இரண்டு சொற்களுமே இருதயம் நின்றுவிட்டது போன்ற எண்ணத்தைத் தருகின்றன. உண்மை அதுவல்ல. இருதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது பலவீனப்பட்டு, அல்லது விறைத்துப்போய், உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அனுப்பச் சிரமப்படுகிறது. அதனால் நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, பாதம் வீங்குகிறது, நாலு படி ஏறினாலே களைப்பு வருகிறது. முன்பு வந்த மாரடைப்பு, நீண்டகாலப் பிரஷர், சீனி வருத்தம், வால்வுப் பழுது என்பன இதன் முக்கிய காரணங்கள்.

நான் ஓர் ஆசிரியை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள என் மாணவர்களின் பெற்றோர் வட்ஸ்அப்பில் வரும் மருத்துவச் செய்திகளை எனக்கு அனுப்பி, "டீச்சர், இது உண்மையா?" என்று கேட்பார்கள். மருந்துச்சிட்டை ஆங்கிலத்தில், டொக்டரின் விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில். தமிழில் இலேசாகக் கிடைப்பது வட்ஸ்அப் குரல்பதிவுதான். அதை நம்பி மருந்தை நிறுத்தினால், சில நாட்களிலேயே மூச்சுத்திணறலோடு வார்டில் சேர நேரிடலாம்.

ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு இங்கும் உதவும். மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, சொன்னவர் யார்? "அமெரிக்க டொக்டர் ஒருவர் சொன்னார்" என்பது பெயர் தெரியாத அறிவிப்பாளரின் செய்தி. அப்படியானவரை ஹதீஸ் கலையில் 'மஜ்ஹூல்' என்பார்கள். சொன்னவரின் பெயர், தகைமை, நிறுவனம் ஆகியவை தெரிய வேண்டும். அவர் எதையாவது விற்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். நமது சுகாதார அமைச்சின் சுகாதார மேம்பாட்டுப் பணியகம் நம்பத்தக்கது. ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஐரோப்பிய இருதயவியல் சங்கத்தினர் நோயாளிகளுக்கென்றே நடத்தும் 'ஹார்ட் ஃபெயிலியர் மேட்டர்ஸ்' தளத்தை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எப்போது சொன்னது? பீட்டா தடுப்பு மருந்துகள் இந்த நோய்க்கு ஆகாதவை என்றே ஒரு காலத்தில் கருதப்பட்டது. 1990களின் ஆய்வுகள் அதைத் தலைகீழாக மாற்றின. இன்று கார்வெடிலோல், பிசோப்ரோலோல் போன்றவை அடிப்படைச் சிகிச்சை. சீனி வருத்தத்துக்கு வந்த டாபாக்ளிஃப்ளோசின், இருதயச் செயலிழப்புக்கும் பயன்படுவது 2019இல் ஓர் ஆய்வில் உறுதியானது. 2021இன் ஐரோப்பிய வழிகாட்டியும் 2022இன் அமெரிக்க வழிகாட்டியும், இருதயத்தின் தள்ளும் சக்தி குறைந்தவர்களுக்கு நான்கு வகை மருந்துகளைச் சேர்த்தே பரிந்துரைக்கின்றன. ஆகவே "இவ்வளவு குளிசை எதற்கு?" என்று நீங்களாக ஒன்றைக் குறைக்க வேண்டாம்.

மூன்றாவது, யாருக்குச் சொன்னது? எக்கோ பரிசோதனையில் 'ஈ.எஃப்.' என்று ஒரு வீதம் இருக்கும். அது 40 அல்லது அதற்குக் குறைவானவருக்கும் 50க்கு மேற்பட்டவருக்கும் சிகிச்சை ஒன்றல்ல. பக்கத்து வீட்டு நானாவுக்குக் கொடுத்த அளவு உங்கள் வாப்பாவுக்குப் பொருந்தாது.

மருந்தின் பெயரிலும் கவனம் வேண்டும். 2022 நெருக்கடியில் வழமையான மருந்துகள் கிடைக்காமல், ஒரே மருந்து வேறு வேறு பெட்டிகளில் வந்ததை நாம் கண்டோம். பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் வேறு மருந்துகள் என நினைத்து இரண்டையும் விழுங்குவது ஆபத்து. வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரைப் பார்க்க வேண்டும் என்பதே பேராசிரியர் சேனக்க பிபிலே நாட்டுக்குச் சொன்ன பாடம். 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவாகவும் அவர்தான் காரணமாக இருந்தார். பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப் பெயரைக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

டொக்டரிடம் கேட்காமல் செய்யக்கூடாதவை சில உண்டு. டிக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடலில் நீரைத் தேக்கும். அதிமதுரத்தை அளவுக்கு மீறி எடுத்தாலும் அப்படித்தான். உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பு, ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கு ஆபத்தானது. கருவாடும் ஊறுகாயும் உப்புக் கிடங்குகள். ரமழானில் நோன்பு நோற்க விரும்பினால், தலைப்பிறைக்கு முன்பே கிளினிக்கில் பேசுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை வெட்கப்பட வேண்டியதல்ல.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் நிறையைக் குறித்துவையுங்கள். மூன்று நாட்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் நீர் தேங்குகிறது என்று பொருள். உடனே டொக்டரைக் காணுங்கள். கடும் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் கூகுளில் தேடாமல் 1990க்கு அழையுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். இரத்ததான முகாம்களை நாம் சிறப்பாக நடத்துகிறோம். அதுபோல வருடத்தில் ஓரிரு நாள், தமிழ் பேசும் இருதய வைத்தியர் ஒருவரை அழைத்து, பெண்களும் கேள்வி கேட்கக்கூடிய விதத்தில் ஒரு நிகழ்ச்சி வையுங்கள். கிளினிக் கொப்பியோடு வரச் சொல்லுங்கள். குரல்பதிவுகள் பரவும் வேகத்துக்கு அதுவே நல்ல பதில்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக.