“வருந்துகிறோம்” என்று கம்ப்யூட்டர் எழுதும் கடிதம்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்து, இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால், படித்து முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் முதலில் நடப்பது இதுதான். ஒரு இமெயில் முகவரி உருவாக்குவார்கள். ரெஸ்யூம் டைப் செய்து பத்து கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். பிறகு காத்திருப்பார்கள். காலையில் ஒரு முறை, சாப்பிட்டுவிட்டு ஒரு முறை, தூங்கப் போகும் முன் ஒரு முறை என்று இன்பாக்ஸைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிடும்.

எங்கள் தெருவில் எம்.காம். முடித்த பெண் ஒருவர் இப்படித்தான் காத்திருந்தார். சென்னையில் ஒரு நிறுவனத்தில் இன்டர்வியூ நன்றாகச் செய்திருந்தார். “ஒரு வாரத்தில் மெயில் வரும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதற்கிடையே உள்ளூர் ஆடிட்டர் ஒருவர் தன் அலுவலகத்தில் வேலை தருவதாகக் கூப்பிட்டார். “சார், இன்னும் பத்து நாள் டயம் கொடுங்கள்” என்று இவர் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை ஆடிட்டர் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் ஆனதும் அவருடைய அம்மா என்னிடம் வந்து, “கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறா என்று பாருங்களேன் தம்பி” என்றார்.

கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. ஜிமெயிலில் ‘ப்ரமோஷன்ஸ்’ என்ற டேபைக் கிளிக் செய்தேன். புடவைக் கடைத் தள்ளுபடி விளம்பரத்திற்கும் ரீசார்ஜ் சலுகைக்கும் நடுவில் அந்த மெயில் படிக்கப்படாமல் கிடந்தது. இன்டர்வியூ முடிந்த நான்காம் நாளே, “வருந்துகிறோம்” என்று வந்திருந்தது.

வேலை கிடைக்காததைக் கூட அந்தப் பெண் பொறுத்துக் கொண்டார். அந்த மெயிலை அன்றே பார்த்திருந்தால் ஆடிட்டர் வேலையாவது கிடைத்திருக்குமே என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. எனவே இந்த “இல்லை” என்ற பதில் எப்படித் தயாராகிறது, எந்த வழியாக வருகிறது, எங்கே ஒளிந்து கொள்கிறது என்று நாம் தெரிந்து கொள்வது நல்லது.

யார் எழுதுகிறார்கள்?

முன்பு இது தபாலில் வந்தது. மேனேஜரின் கையெழுத்தாவது அதில் இருக்கும். இப்போது பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களைக் கையாள்வதற்கென்றே தனி புரோகிராம்கள் உள்ளன. நீங்கள் வெப்சைட்டில் அப்லோட் செய்யும் ரெஸ்யூம் இந்த புரோகிராமின் டேட்டாபேஸில் சேர்கிறது. உங்கள் பெயருக்கு எதிரே ஒரு ‘நிலை’ இருக்கும். விண்ணப்பம் பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது, இன்டர்வியூ முடிந்தது என்று அது மாறிக் கொண்டே போகும். அலுவலர் ஒருவர் அந்த நிலையை ‘நிராகரிக்கப்பட்டது’ என்று மாற்றிக் கிளிக் செய்தால், ஏற்கனவே எழுதி வைத்த கடிதத்தில் உங்கள் பெயரும் பதவியின் பெயரும் தானாக நிரப்பப்பட்டு மெயில் கிளம்பிவிடும். வேர்டில் மெயில் மெர்ஜ் செய்து கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி அச்சடித்திருந்தால் உங்களுக்கு இது எளிதாகப் புரியும். அதே வேலைதான். பெயர் வர வேண்டிய இடத்தில் பெயருக்குப் பதிலாக அடைப்புக்குறிகள் மட்டும் அச்சாகி வரும் மெயில்களும் உண்டு. அது உங்களை அவமதிக்க அல்ல. பெயர் நிரம்ப வேண்டிய பீல்டு காலியாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சில சமயம் கிளிக் செய்யக் கூட ஆள் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தில் “இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளதா?” என்பது போன்ற கேள்விகள் இருக்கும். ‘இல்லை’ என்ற பட்டனை அழுத்தினால் புரோகிராமே உங்களை ஒதுக்கிவிடும்படி செட் செய்ய முடியும். உடனே நிராகரித்தால் மனம் புண்படும் என்று, பதிலைச் சில நாட்கள் தாமதித்து அனுப்பும் வசதியும் இத்தகைய புரோகிராம்களில் இருக்கிறது. மெஷினுக்கு மரியாதை கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்!

அமெரிக்காவில் இது கோர்ட் வரை போயிருக்கிறது. வொர்க்டே என்ற நிறுவனத்தின் ஆள் தேர்வு புரோகிராம் வயது, நிறம் பார்த்து ஒதுக்குகிறது என்று 2023ல் ஒருவர் கலிபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். அவற்றில் ஒன்றிற்கு நள்ளிரவு 12.55க்கு அனுப்பியதாகவும், 1.50க்கே ‘இல்லை’ என்று பதில் வந்துவிட்டதாகவும் அவர் தெரிவித்தார். அந்த நேரத்தில் எந்த அலுவலர் உட்கார்ந்து ரெஸ்யூம் படித்திருப்பார்? வொர்க்டே குற்றச்சாட்டை மறுக்கிறது. 40 வயதைக் கடந்த மற்ற விண்ணப்பதாரர்களும் இதில் சேர 2025 மே மாதம் கோர்ட் முதல்கட்ட அனுமதி தந்தது.

ஆள் தலையிட்டாலும் தவறு நடக்கும். 2009 மார்ச் மாதம் சான் டியகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், இடம் கிடைத்த சுமார் 18,000 மாணவர்களுக்கு அனுப்ப வேண்டிய வரவேற்பு மெயிலை, விண்ணப்பித்த 46,000க்கும் மேற்பட்டோர் அனைவருக்கும் அனுப்பிவிட்டது. மன்னிப்பு கேட்டு மற்றொரு மெயில் அனுப்ப வேண்டியதாயிற்று. இது வேலை அல்ல, கல்லூரி இடம். ஆனால் தவறான பட்டியலைத் தேர்ந்தெடுத்து ‘செண்ட்’ அழுத்துவது எந்த அலுவலகத்திலும் நடக்கக் கூடியதுதான்.

பதிலே வராவிட்டால்?

நிராகரிப்பு மெயிலைவிடக் கொடுமையானது மௌனம். பல நிறுவனங்கள் தேர்வானவரோடு மட்டும் பேசிவிட்டு மற்றவர்களை மறந்துவிடுகின்றன. தென் கொரியாவில் 2014ல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, ஆள் தேர்வு முடிந்ததும் முடிவை விண்ணப்பதாரர்களுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், இன்டர்வியூவிற்கு வந்தவருக்கு 45 நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்ற விதி 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் ஊர் தனியார் நிறுவனங்களிடம் இதை எதிர்பார்க்க முடியாது. எனவே இன்டர்வியூ முடிந்து கிளம்பும்போதே, “எந்தத் தேதிக்குள் தெரிவிப்பீர்கள், எந்த முகவரியிலிருந்து மெயில் வரும்?” என்று பணிவாகக் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். அந்தத் தேதி கடந்தால் ஒரு முறை மெயில் எழுதிக் கேட்கலாம். தப்பில்லை. ஆனால் அதற்காகக் கையில் உள்ள மற்றொரு வேலையை நிறுத்தி வைக்காதீர்கள்.

எங்கே தேடுவது?

ஜிமெயிலில் ‘ப்ரைமரி’ தவிர ‘ப்ரமோஷன்ஸ்’, ‘அப்டேட்ஸ்’ டேபுகளையும் தினமும் திறந்து பாருங்கள். இடதுபுறம் ‘மோர்’ என்பதில் கிளிக் செய்தால் ‘ஸ்பாம்’ போல்டர் கிடைக்கும். இதில் விழும் மெயில்கள் 30 நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேட, மேலே உள்ள சர்ச் கட்டத்தில் ‘இன்’ என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்து, கோலன் அமைத்து, இடைவெளி விடாமல் ‘எனிவேர்’ என்று டைப் செய்து, பின் ஒரு இடைவெளி விட்டு கம்பெனியின் பெயரைத் தந்து என்டர் தட்டவும். ஸ்பாம், டிராஷ் உட்பட எல்லா இடத்திலும் தேடித் தரும். மெயில் வேறு டேபில் இருந்தால் அதை மவுஸால் இழுத்து ‘ப்ரைமரி’யில் விட்டுவிடுங்கள். இனி வருபவற்றையும் இப்படியே வைக்கட்டுமா என்று கேட்கும். ‘யெஸ்’ கொடுங்கள்.

மெயில் அனுப்பிய முகவரியில் ‘நோ ரிப்ளை’ என்று இருந்தால் அதற்குப் பதில் எழுதிப் பயனில்லை, யாரும் படிக்கமாட்டார்கள். மனிதர் பெயரில் வந்திருந்தால் இரண்டு வரி நன்றி எழுதி, நான் எதில் முன்னேற வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலும் பதில் வராது. வந்தால் அது லாபம்தானே! “தேர்வாகவில்லை, ஆனால் டெபாசிட் கட்டினால் வேறு பதவி தருகிறோம்” என்று வந்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம், அது மோசடி. பணம் கட்டிவிட்டிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவும்.

அரசுத் தேர்வு எழுதுவோருக்கு

டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகளில் வருத்தக் கடிதத்திற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்வானவர்களின் பதிவு எண்கள் பி.டி.எப். பைலாக வெப்சைட்டில் வரும். உங்கள் எண் இல்லை என்றால் அதுதான் பதில். பைலைத் திறந்து கண்ட்ரோல் + எப் கீகளை அழுத்தி எண்ணை டைப் செய்து தேடுவோம். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த பைல் தாளை ஸ்கேன் செய்து உருவாக்கப்பட்டதாக இருந்தால், கம்ப்யூட்டருக்கு அது எண்கள் அல்ல, வெறும் படம். எண் கண் முன்னால் இருந்தாலும் ‘கிடைக்கவில்லை’ என்றுதான் சொல்லும். எனவே பட்டியலில் கண்ணுக்குத் தெரியும் வேறு ஏதாவது ஒரு எண்ணை முதலில் தேடிப் பாருங்கள். அதையும் கண்டுபிடிக்கவில்லை என்றால், தேடும் வசதி அந்த பைலில் வேலை செய்யவில்லை என்று பொருள். ஸ்கிரீனை விட்டு எழுந்து ஓடாமல், வரிசையாக விரல் வைத்துப் படியுங்கள்.

இதே காரணத்தால்தான் ரெஸ்யூமை ஸ்கேன் செய்தோ, போட்டோ எடுத்தோ அனுப்பக் கூடாது. வேர்டில் டைப் செய்து, ‘சேவ் அஸ்’ மூலம் பி.டி.எப். ஆக்கி, அதைத் திறந்து உங்கள் பெயரைக் கண்ட்ரோல் + எப் கொடுத்துத் தேடுங்கள். உங்கள் கம்ப்யூட்டருக்குக் கிடைத்தால் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கும் அநேகமாகக் கிடைக்கும்.